கோடியில் இரண்டு

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை கேட்கப்படும்போதெல்லாம் சங்கப் பாடல்களிலோ காப்பியங்களிலோ ஏதேனும் ஒரு மூலையைத் தேடிப்பிடித்து எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இம்முறை அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்க் கிடந்த ஒரு கணக்கைப் பற்றி எழுதப் போகின்றேன். மின்னோட்டம் பாயும் நேரான கம்பி ஒன்றைச் சுற்றி எவ்வளவு காந்தப் புலம் உண்டாகின்றது என்பதே அக்கணக்கு. துறைத்தலைவர் பொறுத்தருள்வாராக.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று மாணவர்கள் நகைக்கக்கூடும். நான் முதுநிலையில் தமிழ் பயின்றவனே ஆயினும் இளநிலையில் பயின்றது இயற்பியல். தமிழின்மீது கொண்ட காதலால் இயற்பியலை விட்டு வந்தேன் எனப் பல மேடைகளில் கூறியிருக்கின்றேன். அது முழுப் பொய்யன்று. முழு உண்மையும் அன்று. உண்மையின் மறுபாதி 1981-ஆம் ஆண்டு செய்முறைத் தேர்வு நாளில் நிகழ்ந்தது.

பள்ளியிறுதி வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த எனக்கு ஆங்கிலப் பாடநூல்கள் மனப்பாடத்திற்கு மட்டுமே உதவின. சூத்திரங்களைப் பிழையின்றி எழுதுவேன்; அவற்றின் வருவிப்புகளையும் வரி பிறழாமல் எழுதுவேன். பொருள் கேட்டால் விழிப்பேன். தேர்வன்று எனக்குக் கிடைத்த சோதனை எளியது. ஒரு மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பி செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் நடுவே கிடையாக ஓர் அட்டை. அட்டைமீது, கம்பியிலிருந்து ஐந்து செண்டிமீட்டர் தள்ளி, ஒரு காந்த ஊசி. மின்னோட்டத்தைச் செலுத்தி ஊசியின் விலகலை அளந்து, புலத்தைக் கணக்கிட வேண்டும். அளந்தேன், கணக்கிட்டேன், விடையும் சூத்திரத்தோடு நன்றாகவே பொருந்திற்று.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். கடுமையானவர் அல்லர், புன்னகையோடுதான் கேட்டார். "முடிவிலா நீளமுள்ள கம்பிக்கு உரிய சூத்திரம் என்று எழுதியிருக்கிறாய். உன் மேசைமேல் இருப்பது ஒரு மீட்டர்க் கம்பி. பிறகு எப்படி விடை சரியாக வந்தது?"

ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி விளங்கிற்று. விடைதான் எந்த மொழியிலும் என்னிடம் இல்லை. அவர் சற்று நேரம் காத்திருந்தார். பின்னர் ஏட்டை மூடி என்னிடம் தந்துவிட்டு அடுத்த மேசைக்குச் சென்றார். மதிப்பெண் குறைந்தது பெரிதன்று. மூன்றாண்டு படித்தது என்ன என்னும் கேள்வி அன்றிரவு விடுதியில் என்னை உறங்கவிடவில்லை. அடுத்த ஆண்டு தமிழ் முதுகலை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அக்கணக்கு என்னைத் தேடி வரவில்லை. நானும் அதைத் தேடிப் போகவில்லை. 1994-இல் அது என் அக்காள் வீட்டு மொட்டைமாடி வழியாக வந்தது.

திருநெல்வேலிக்கு மேற்கே மச்சான் புதிதாக ஒரு வீடு கட்டியிருந்தார். மனை மலிவாகக் கிடைத்ததன் காரணம் குடிபுகுந்த அன்றே எங்களுக்கு விளங்கிவிட்டது. வீட்டின் மேற்குப் பக்கத்தில் உயரழுத்த மின்கம்பிகள் கோபுரத்திற்குக் கோபுரம் நீண்டு சென்றன. ஈரக்காற்று வீசும் நாள்களில் அவற்றிலிருந்து ஓர் இரைச்சல் எழும். தொலைவில் யாரோ எண்ணெயில் வடகம் பொரிப்பது போலிருக்கும். அக்காளுக்கு அப்போதுதான் பெண்குழந்தை பிறந்திருந்தது. பேறுகாலம் பார்க்கச் சென்ற அம்மா, மேற்கு அறையில் தொட்டில் கட்டியிருப்பதைக் கண்டதும் என்னை வரவழைத்தார்கள்.

"ஏம்ப்பா, நீ கரண்டு படிப்பெல்லாம் படிச்சவன்தானே? அந்தக் கம்பிக்குப் பக்கத்துல பச்சப்புள்ளையைப் போட்டுத் தூங்க வைக்கலாமா?"

எங்கள் குடும்பத்தில் கரண்டு படிப்பு படித்தவன் நான் ஒருவனே. நான் அதை விட்டோடி வந்த கதை அம்மாவுக்குத் தெரியாது. மச்சானோ கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அவ்வீட்டில் போட்டிருந்தார். ஆகாது என்று நான் ஒரு சொல் சொன்னால் அம்மா அக்காளையும் குழந்தையையும் அன்றே அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டு விடுவார்கள்.

மறுநாள் கல்லூரிக்குச் சென்று இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஒரு சிறு திசைகாட்டியை இரவல் வாங்கி வந்தேன். மாலையில் அனைவரும் காண மொட்டைமாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவரில் அதை வைத்தேன். ஊசி சற்றே ஆடி வடக்கு நோக்கி நின்றது. கம்பிகளுக்கு நேர் கீழே தெருவில் வைத்தேன். அங்கும் வடக்கு. "மின்னோட்டத்தைச் சுற்றிக் காந்தப் புலம் இருந்தால் ஊசி விலக வேண்டும். இம்மியும் விலகவில்லை. ஆகவே அஞ்சுவதற்கு இங்கு ஒன்றும் இல்லை" என்று தீர்ப்பு வழங்கினேன். மச்சான் முகத்தில் உயிர் வந்தது. அம்மா ஊசியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

திசைகாட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது இயற்பியல் துறை நண்பர் எதற்காக வாங்கிச் சென்றேன் எனக் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, ஊசி பொய் சொல்லவில்லை. நீங்கள்தான் தவறான சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அந்தக் கம்பியில் ஓடுவது மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு ஐம்பது சுற்று. அதாவது நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறது. ஊசி கிழக்கே திரும்பலாமா என்று எண்ணுவதற்குள் மேற்கே திரும்பு என்கிறது. ஊசி என்ன செய்யும்? சும்மா நிற்கும். புலம் இல்லை என்று அதற்குப் பொருளில்லை."

இளநிலை மாணவன் எவனும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஒரு குழந்தையின் தொட்டிலை முன்னிறுத்தி நான் பிழைபட்ட சான்று கூறியிருக்கின்றேன். அன்று எனக்கு வந்த வெட்கத்தின்முன் 1981-ஆம் ஆண்டின் வெட்கம் ஒன்றுமேயில்லை. "எவ்வளவு புலம் என்பதைக் கணக்கிட முடியுமா?" என்று கேட்டேன். "உங்களாலேயே முடியும். ஆனால் அது உடலுக்கு என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அதை மருத்துவம் படித்தவரிடம் கேளுங்கள்" என்றார் அவர். அந்த எல்லைக்கோட்டை அவர் வரைந்து காட்டியதற்கு இன்றும் நன்றியுடையேன்.

நண்பர் தந்த நூல்களோடு ஒரு வாரம் அமர்ந்தேன். இம்முறை மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு வரியையும் தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்ல இயலாத வரியைத் தாண்டவில்லை. அவ்வாறு கற்றதைத்தான் இங்கே சொல்லப் போகின்றேன்.

கதை 1820-இல் தொடங்குகின்றது. மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கோபன்ஹேகன் நகரப் பேராசிரியர் எர்ஸ்டெட் கண்டார். அவ்வாண்டு சூலை 21-ஆம் நாளிட்ட சிறு இலத்தீன் அறிக்கையில் அதனை உலகிற்கு அறிவித்தார். ஊசி கம்பியை நோக்கி இழுக்கப்படவும் இல்லை, தள்ளப்படவும் இல்லை. கம்பிக்குக் குறுக்காகத் திரும்பிற்று. கம்பியை வளைத்து வட்டமிடும் ஏதோ ஒன்று அங்கு இருக்கின்றது. செப்டம்பரில் செய்தி பாரிசை எட்டிற்று. அங்கே ஆம்பியர் சில நாள்களிலேயே மின்னோட்டத்திற்கும் மின்னோட்டத்திற்கும் இடையே விசை உண்டு எனக் காட்டினார். அது தனிப் பெருங்கதை, இங்கு வேண்டா.

எனக்கு வேண்டியவர்கள் பயோ, சவார் என்னும் இருவர். நம் பாடநூல்களில் பயோட்-சாவர்ட் விதி என்று எழுதப்படுவது இவர்கள் பெயரால் அமைந்ததே. எந்தத் தொலைவில் எவ்வளவு என்று அளந்தவர்கள் இவர்கள். அளந்த விதம் என்னைச் சொக்க வைத்தது. நீண்ட கம்பி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். சிறு காந்த ஊசி ஒன்றைப் பட்டிழையில் தொங்கவிட்டார்கள். நிலவுலகின் காந்தம் குறுக்கிடாதிருக்க வேறொரு காந்தத்தை வைத்து அதனை ஈடுசெய்தார்கள். பிறகு ஊசியை மெல்ல ஆடவிட்டு, ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தைக் கணித்தார்கள். ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். இழுக்கும் விசை மிகுந்தால் ஆட்டம் விரைவாகும், குறைந்தால் மெதுவாகும். ஊசியைக் கம்பியிலிருந்து நான்கு மடங்கு தொலைவுக்கு நகர்த்தினால் அலைவு நேரம் இரண்டு மடங்காகின்றது. இதிலிருந்து புலம் நான்கில் ஒன்றாகக் குறைந்தது என அறியலாம். தொலைவு இருமடங்கானால் புலம் பாதி. மும்மடங்கானால் மூன்றில் ஒன்று. 1820 அக்டோபர் 30-ஆம் நாள் பாரிசு அறிவியற் கழகத்தில் இதனை அறிவித்தார்கள். எர்ஸ்டெட்டின் அறிக்கை வெளிவந்து நூறு நாள்களே கடந்திருந்தன.

இங்கே ஒரு புதிர் எழுகின்றது. ஈர்ப்பு விசையாயினும் மின்னேற்றங்களுக்கு இடைப்பட்ட விசையாயினும் தொலைவு இருமடங்கானால் நான்கில் ஒன்றாகக் குறைவதே இயல்பு. கம்பி மட்டும் ஏன் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றது? இதற்கு விடையிறுத்தவர் கணித மேதை லாப்லாசு. கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் நான்கில் ஒன்று என்னும் விதிக்கே கட்டுப்பட்டது. துண்டுகள் அனைத்தும் கூடும்போதுதான் பாதி என்னும் விதி பிறக்கின்றது என்று அவர் காட்டினார். இதில் வியப்பென்னவெனின், அத்தகைய துண்டை எவரும் தனியே கண்டதில்லை. மின்னோட்டம் முழுச் சுற்றில்தான் ஓடும். ஒரு துண்டை வெட்டி எடுத்து அதன் புலத்தை அளக்க இயலாது. முழுமையை அளந்து, கண்ணிற்படாத பகுதியின் இயல்பை அறிந்தார்கள்.

இனிக் கணக்கு. ஒரு நீண்ட கம்பிக்குச் சற்றுத் தள்ளி நீங்கள் நிற்பதாகக் கொள்ளுங்கள். உங்களுக்கு நேர் எதிரே கம்பியின் மிக அண்மைப் புள்ளி. அதுவரை உள்ளது செங்குத்துத் தொலைவு. கம்பியைச் சிறு சிறு துண்டுகளாக மனத்தால் நறுக்குங்கள். ஒவ்வொரு துண்டும் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சிறு புலத்தைத் தன் பங்காகத் தருகின்றது. மின்னோட்டம் மிகுந்தால் பங்கு மிகும். துண்டு நீண்டால் மிகும். துண்டு தொலைவிலிருந்தால் தொலைவின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். இன்னும் ஒன்று, சாய்வு. நேர் எதிரே உங்களுக்குக் குறுக்காகக் கிடக்கும் துண்டு தன் முழு வலிமையையும் தரும். பக்கவாட்டில் செல்லச் செல்லத் துண்டு உங்கள் பார்வைக்குச் சாய்ந்து தோன்றும்; அச்சாய்விற்கேற்பப் பங்கு குறையும். ஒரு நற்பேறு, பங்குகள் அனைத்தும் ஒரே திசையில் அமைவது. வலக்கைப் பெருவிரலை மின்னோட்டத்தின் திசையில் நீட்டிக் கம்பியைப் பற்றினால் மற்ற விரல்கள் வளையும் திசையே அத்திசை. ஆகவே கூட்டிவிட்டால் போதும்.

கூட்டுவதுதான் எப்படி? துண்டுகளோ எண்ணிலடங்கா. மாணவனாயிருந்தபோது இந்த இடத்தில்தான் தொகையீட்டுக் குறிகளுக்குள் முகம் புதைத்து மனப்பாடத்தில் இறங்கினேன். இம்முறை ஒரு கைவிளக்கை எண்ணிக்கொண்டேன். நிற்கும் இடத்திலிருந்து கம்பியின்மீது ஒளி பாய்ச்சுங்கள். ஒளிக்கற்றை ஒரு பாகை அகலம் உடையதென்க. நேர் எதிரே அதில் அகப்படும் கம்பித் துண்டு சிறியது. விளக்கை மெல்லப் பக்கவாட்டில் திருப்புங்கள். அதே ஒரு பாகைக்குள் அகப்படும் துண்டு நீண்டுகொண்டே போகும். ஏனெனில் அது தொலைவிலும் இருக்கின்றது, சாய்ந்தும் கிடக்கின்றது. எவ்வளவு நீள்கின்றது? சரியாகத் தொலைவின் வர்க்கத்திற்கேற்ப நீள்கின்றது! பங்கு குறைவதும் தொலைவின் வர்க்கத்திற்கேற்பத்தானே. நீளத்தால் வந்த வரவும் தொலைவால் வந்த செலவும் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. எஞ்சுவது சாய்வு மட்டுமே.

இந்த வரி விளங்கிய இரவை நான் மறவேன். எழுந்து அறைக்குள் நடந்தேன். பாடநூலில் இரண்டு சமன்பாடுகளாகப் பல முறை எழுதிய செய்திதான். அதற்குள் இப்படி ஓர் ஒழுங்கு உறைவதை ஒரு முறையும் கண்டேனில்லை.

சாய்வின் அளவைக் கோசைன் என்பர். நேர் எதிரே அது 1. கம்பியின் கோடியில், தொண்ணூறு பாகையில், 0. இடக்கோடி முதல் வலக்கோடி வரை இதனைத் தொகையிட்டால் கிடைப்பது 2. (தொகையிடல் என்னும் சொல்லை எட்டுத்தொகை படித்தவன் இவ்வளவு காலம் தாழ்த்திப் புரிந்துகொண்டதை எண்ணி நகைத்தேன்.) அலகுகளின் பொருட்டு முன்னே நிற்கும் மாறிலி பத்தின் அடுக்கு எதிர்க்குறி ஏழு, நம் வழக்கில் சொன்னால் கோடியில் ஒன்று. ஆக, மின்னோட்டத்தை அம்பியரிலும் தொலைவை மீட்டரிலும் கொண்டு, மின்னோட்டத்தைத் தொலைவால் வகுத்து, அதில் கோடியில் இரண்டு பங்கை எடுத்தால் டெஸ்லா என்னும் அலகில் காந்தப் புலம் வந்துவிடும். டெஸ்லா மிகப் பெரிய அலகு. அதன் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ டெஸ்லாவில் கணக்கு இன்னும் எளிது. மின்னோட்டத்தை ஐந்தால் வகுத்து, பின் தொலைவால் வகுத்தால் முடிந்தது. ஐந்து அம்பியர் ஓடும் கம்பிக்கு இரண்டு செண்டிமீட்டர் அருகே 50 மைக்ரோ டெஸ்லா. நான்கு செண்டிமீட்டரில் 25. நெல்லைப் பகுதியில் நிலவுலகின் காந்தப் புலம் ஏறத்தாழ 40. மேசைமேல் ஊசி நன்கு விலகுவதன் காரணம் இதுவே.

அக்கோடியில் இரண்டில், இரண்டு கூட்டலிலிருந்து தானாக வந்தது. கோடி மனிதர் வகுத்தது. ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரு நீண்ட இணைகம்பிகள் மீட்டருக்குக் கோடியில் இரண்டு நியூட்டன் விசையால் ஒன்றையொன்று தாக்குமாயின் ஒவ்வொன்றிலும் ஓடுவது ஓர் அம்பியர் என 1948-இல் வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் அவ்வரையறை மாற்றப்பட்டு, அம்பியர் எலக்ட்ரானின் மின்னேற்றத்தைக் கொண்டு வகுக்கப்படுகின்றது. ஆகவே அந்தக் கோடி இப்போது விதியன்று, அளந்தறியும் எண். வேறுபாடு நூறு கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவாதலின் எங்கள் வீட்டுக் கணக்கை அது தொடாது.

இப்போது 1981-இன் கேள்விக்கு வருகின்றேன். முடிவிலா நீளம் என்பது என்ன? விளக்கை நேர் எதிரிலிருந்து இடப்பக்கம் முப்பது பாகையும் வலப்பக்கம் முப்பது பாகையும் திருப்பினால், அதற்குள் அடங்கும் கம்பியே மொத்தப் புலத்தில் பாதியைத் தந்துவிடுகின்றது. அக்கம்பியின் நீளம் எவ்வளவு? நீங்கள் நிற்கும் தொலைவைவிடச் சற்றே அதிகம், 1.15 மடங்கு. அவ்வளவுதான். பத்தில் ஒன்பது பங்கு வேண்டுமாயின் பக்கத்திற்கு இருமடங்கு தொலைவுக் கம்பி போதும். நூற்றில் தொண்ணூற்றொன்பது வேண்டுமாயின் பக்கத்திற்கு ஏழு மடங்கு. அதற்கப்பால் விண்மீன்கள் வரை கம்பி நீண்டாலும் அத்தனையும் சேர்ந்து தருவது நூற்றில் ஒன்றே. என் மேசையில் ஊசி ஐந்து செண்டிமீட்டர் தள்ளி இருந்தது. கம்பி மேலும் கீழும் ஐம்பது செண்டிமீட்டர் நீண்டிருந்தது. பத்து மடங்கு! விடையில் குறைந்திருக்கக்கூடியது நூற்றில் அரைப்பங்கு. என் ஊசி முனையின் தடிமன் அதைவிடப் பெரிய பிழையைத் தந்திருக்கும்.

"ஐயா, அருகில் நிற்பவனுக்கு ஒரு மீட்டரே முடிவிலி" என்று வெற்றறையில் உரக்கச் சொன்னேன். பதின்மூன்று ஆண்டுகள் தாமதமான விடை.

இனி அக்காள் வீட்டுக் கம்பி. மாலை வேளைகளில் 200 அம்பியர் வரை ஓடக்கூடும் என்று மின்வாரியத்தில் பணியாற்றிய உறவினர் ஒருவர் சொன்னார். தொட்டிலிலிருந்து கம்பிவரை தொலைவு 15 மீட்டர். இருநூறை ஐந்தால் வகுத்தால் நாற்பது. நாற்பதைப் பதினைந்தால் வகுத்தால் 2.7 மைக்ரோ டெஸ்லா. நண்பரிடம் காட்டினேன். "ஒற்றைக் கம்பிக்குச் சரி. அங்கே போவது மூன்று கம்பிகள் அல்லவா?" என்றார். மூன்றிலும் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விழுபவை. எந்தக் கணத்திலும் அவற்றின் கூடுதல் சுழி. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அவை ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. முற்றும் அழியாமைக்குக் காரணம் அவற்றிடையே உள்ள ஏறத்தாழ நான்கு மீட்டர் இடைவெளி. அதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 1.2 மைக்ரோ டெஸ்லா வந்தது. பாதிக்கும் கீழே! அன்றியும் மூன்று கம்பிகளாகச் சேர்ந்தபின் தொலைவு இருமடங்கானால் புலம் பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகிவிடுகின்றது.

வார இறுதியில் அக்காள் வீட்டிற்குச் சென்றேன். "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று தொடங்கினேன். மச்சான் முகம் வெளுத்தது. ஊசி ஏன் அசையவில்லை என்பதைச் சொன்னேன். புலம் இருக்கின்றது, நிலவுலகின் புலத்தில் முப்பதில் ஒரு பங்களவு, ஆனால் நொடிக்கு நூறு முறை புரள்வது என்றும் சொன்னேன். உடலுக்குக் கேடா என்பதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்பதையும் சொன்னேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அவர்கள் கேட்டது ஒரே கேள்வி.

"தள்ளிப் போனா குறையுமா?"

"ரெண்டு பங்கு தள்ளிப் போனா நாலுல ஒண்ணா குறையும்மா."

"அப்ப தொட்டிலைக் கிழக்கு ரூம்புல கட்டிட்டாப் போச்சு. இதுக்கு ஏன் இத்தனை பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

வீடு மேற்கிலிருந்து கிழக்காக ஐம்பது அடி நீளம். கிழக்கு அறை கம்பியிலிருந்து ஏறத்தாழ முப்பது மீட்டர். அன்று மாலையே மச்சான் உத்தரத்தில் புதுக் கொக்கி அடித்தார். மேற்கு அறை நெல்மூட்டைகளுக்கும் பழைய நாற்காலிகளுக்கும் உரியதாயிற்று.

அம்மா அன்று செய்தது சரிதானா என்பதை அறியப் பின்னர் வெளிவந்த செய்திகளைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கின்றேன். அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் பொதுமக்களுக்கான வழிகாட்டு அளவை 1998-இல் 100 மைக்ரோ டெஸ்லா என்றும், 2010-இல் 200 என்றும் வகுத்தது. அந்த அளவின்முன் எங்கள் 1.2 தூசு. ஆயினும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இத்தகைய தாழ் அதிர்வெண் காந்தப் புலங்களை, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என ஐயுறத்தக்கவற்றின் பிரிவில் வைத்தது. சராசரியாக 0.3 அல்லது 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில் வாழ்ந்த குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் சற்று மிகுதியாகக் காணப்பட்டதாகப் புள்ளிவிவரத் தொகுப்புகள் கூறியதே அதற்கு அடிப்படை. புலந்தான் காரணம் என நிறுவப்படவில்லை. மேற்கு அறையின் கணக்கு அந்த எல்லைக்கு மேலே இருந்தது; கிழக்கு அறையின் கணக்கு 0.3. இருநூறு அம்பியர் என்பது மாலை நேர உச்சம் என்பதால் நாள் சராசரி அதனினும் குறைவு. இவ்வெண்களைக் கண்ட அன்று அம்மாவிடம் சொன்னேன். "என்னப்பா பெரிய கணக்கு" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள்.

புலம் என்னும் சொல்லை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த நினைவு வராமல் இருந்ததில்லை. தமிழில் அது வயலைக் குறிக்கும், இடத்தைக் குறிக்கும், திசையைக் குறிக்கும், கண், செவி முதலியவற்றால் அறியும் அறிவையும் குறிக்கும். காந்தப் புலம் எனப் பெயரிட்டவர் இவற்றுள் எதனை எண்ணிப் பெயரிட்டாரோ, என் அனுபவத்தில் நான்கும் பொருந்தின. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது முதலிரு வரிசையினர் சிரிப்பார்கள். கடைசி வரிசையில் எவனாவது ஒருவன் குறித்துக்கொள்வான்.

அத்தொட்டிற் குழந்தை இன்று முப்பது வயதைத் தொட்ட மங்கை. சென்ற ஆண்டு தன் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்தாள். பார்க்கச் சென்றேன். அம்மா இப்போது இல்லை, மச்சானும் இல்லை. கிழக்கு அறையில், அதே கொக்கியில், தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"மேற்கு ரூம்புல நல்லாக் காத்து வருமே, ஏன் இங்கே கட்டியிருக்கீங்க?" என்று அக்காளைச் சும்மா கேட்டு வைத்தேன்.

"இந்த வீட்ல தொட்டில் எப்பவும் இங்கேதானே கட்டுவோம்" என்றார்கள் அக்காள்.

நான் மேலே சென்று மொட்டைமாடியில் சற்று நேரம் நின்றேன். ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கம்பிகள் வடகம் பொரித்துக்கொண்டிருந்தன.